முதலில் கோப்புக்கு ஒரு பெயர் வையுங்கள்

தமிழ்ப்பள்ளிகளுக்காக இணையத்தில் பாடவளம் தயாரித்துப் பகிரும் ஆசிரியர்களுக்கும், பணி ஓய்வு பெற்றும் ஓயாத தலைமையாசிரியர்களுக்கும், முன்னாள் மாணவர் சங்கத்தாருக்கும், கணினித் துறையில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கும் மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டப்புற ஆசிரியை ஒருத்தி எழுதும் திறந்த மடல்.

வணக்கம்.

போன செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணி. அடுப்பில் தோசைக்கல், கையில் கைப்பேசி. நான்காம் ஆண்டுக்கு அன்று பின்னத்தில் கூட்டல். முதல் நாள் பாடம் இரண்டு பிள்ளைகளுக்கு ஏறவில்லை என்பது நோட்டைத் திருத்தும்போதே தெரிந்துவிட்டது. படம் போட்ட எளிய பயிற்றி (பயிற்சித்தாள்) ஒன்று கிடைத்தால் போதும் என்று தேடினேன். பதினொரு புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் இருக்கிறேன். டெலிகிராமில் இன்னும் நான்கு. ‘பின்னம்’ என்று தட்டினேன். ஒன்பது இடங்களில் அகப்பட்டது. ஒன்பதும் கேள்விகள். ‘டீச்சர், பின்னம் பயிற்றி யார்கிட்டயாவது இருக்கா?’ ‘வணக்கம், நாலாம் ஆண்டு பின்னம் தேவை.’ அவற்றில் இரண்டு நானே எப்போதோ கேட்டவை.

பதில் வராமல் இல்லை. ஒவ்வொரு கேள்விக்கும் கீழே யாரோ ஒரு புண்ணியவான் கோப்பு அனுப்பித்தான் இருக்கிறார். அந்தக் கோப்புகளின் பெயர்களைப் பாருங்கள்: ‘ஸ்கேன் 0032’, ‘புதிய ஆவணம் 14’, ‘ஃபைனல்’, ‘ஃபைனல் ஃபைனல்’. கேட்டவரின் கேள்வி தேடலில் சிக்குகிறது. கொடுத்தவரின் கொடை சிக்கவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஒன்று ஆறாம் ஆண்டுக்கானது. ஒன்று கைப்பேசியில் எடுத்த படம், ஓரத்தில் எடுத்தவரின் கட்டைவிரலோடு. இன்னொன்றைத் தொட்டால் உரிமையாளரிடம் அனுமதி கேள் என்றது. கேட்டேன். இதை எழுதும் இந்த நேரம் வரை வரவில்லை. தோசை கருகியதுதான் மிச்சம். வகுப்புக்குப் போய் வெண்பலகையில் ஒரு ரொட்டி சானாய் வரைந்து எட்டாகப் பிரித்துப் பாடத்தை ஓட்டினேன்.

நீங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று குறை சொல்ல வரவில்லை. நேர் எதிர். 2020 மார்ச் 18-ஆம் தேதி கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் ஒரே கைப்பேசி. அதையும் அப்பா காலையில் செம்பனைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்விடுவார். பாடம் இரவு எட்டு மணிக்கு மேல்தான். அச்சடித்த தாள்களைத் தோட்ட முச்சந்தியில் இருக்கும் மளிகைக் கடையில் வைத்துவிட்டு வருவோம். மீன் வாங்க வரும் அம்மாக்கள் பையில் போட்டுக்கொண்டு போவார்கள். அந்த இரண்டு ஆண்டுகளில் நாடெங்கும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் ஆசிரியர்கள் தூங்காமல் செய்த காணொளிகளும் பயிற்றிகளும் கொஞ்சமா? இன்னும் பத்து வருஷத்துக்குத் தாங்கும். அவை எங்கே இருக்கின்றன என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. செய்தவருக்கே தெரியாது, கைப்பேசியை மாற்றியிருப்பார்.

அதனால் எல்லாரும் மறுபடி முதலிலிருந்து செய்கிறோம். ஜோகூரில் ஒருவர் உட்கார்ந்து வரைந்த அதே பின்னப் படத்தை கெடாவில் ஒருவரும் சுங்கை சிப்புட்டில் நானும் அதே வாரம் வரைந்துகொண்டிருக்கிறோம். என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று: புதிதாக இன்னொன்று செய்வதற்கு முன்பு, செய்து வைத்ததை அடுத்தவர் தேடினால் கிடைக்கிற மாதிரி வையுங்கள். வளம் குறைவு என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருப்பது தேடுவாரற்றுக் கிடக்கிறது என்றுகூடச் சொல்ல முடியாது, தேடுகிறோம், கிடைக்கவில்லை.

தேடுவதில் உள்ள முதல் சிக்கல் நம் தமிழே. வெளியாருக்கு இது வேடிக்கையாக இருக்கும். நாம் ‘விழுக்காடு’ என்று கற்பிக்கிறோம். தமிழ்நாட்டுப் புத்தகத்தில் அது ‘சதவீதம்’. இலங்கையில் ‘நூற்றுவீதம்’. நமக்கு ‘ஆண்டு 4’. சென்னைக்கு ‘நான்காம் வகுப்பு’. யாழ்ப்பாணத்துக்குத் ‘தரம் 4’. நாம் ‘பயிற்றி’ என்று தேடினால் தமிழ்நாட்டு ஆசிரியர் ‘பயிற்சித்தாள்’ என்று போட்டு வைத்தது வராது. செடி உணவு தயாரிப்பதை நாமும் தமிழ்நாடும் ‘ஒளிச்சேர்க்கை’ என்கிறோம், இலங்கை ‘ஒளித்தொகுப்பு’ என்கிறது. ஈழத்துப் பிள்ளைகளுக்காக அவர்களுடைய கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழிலும் பாடங்கள் இருக்கின்றன. நம்மில் எத்தனை பேர் அங்கே எட்டிப் பார்த்திருக்கிறோம்? நானும் ‘ஒளித்தொகுப்பு’ என்ற சொல் தெரிந்த பிறகுதான் அந்தப் பக்கம் போனேன். ஒரு சொல் தெரியாததால் ஒரு நாட்டுப் பாடவளமே கண்ணில் படாமல் இருந்திருக்கிறது.

கண்ணில் பட்டால் மட்டும் அப்படியே வகுப்புக்குள் கொண்டுபோய்விட முடியுமா? அதிலும் ஒரு முறை சூடுபட்டேன். தமிழ்நாட்டில் 2018 முதல் புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடு அச்சிட்டு, கைப்பேசியைக் காட்டினால் காணொளி வருகிற மாதிரி செய்திருக்கிறார்கள். நல்ல வேலை, பாடநூல்களும் இலவசமாகவே இறங்குகின்றன. ஐந்தாம் ஆண்டுக்கு இடமதிப்பு நடத்த அங்கிருந்து ஒரு காணொளியைப் போட்டேன். நம் பிள்ளைகளுக்கு ஆயிரம், பத்தாயிரம், நூறாயிரம், மில்லியன். காணொளியில் ஆயிரம், பத்தாயிரம், இலட்சம், பத்து இலட்சம். நாம் மூன்று மூன்று இலக்கமாக இடைவெளி விட்டு எழுதுகிறோம். அவர்கள் முதல் மூன்றுக்குப் பிறகு இரண்டிரண்டாகக் காற்புள்ளி வைக்கிறார்கள். கால் மணி நேரத்தில் வகுப்பு குழம்பிய குட்டை. ஒரு பையன் எழுந்து, ‘டீச்சர், லட்சம்னா படத்துல கடத்துறவன் கேக்குறதுதானே?’ என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். பத்து இலட்சம்தான் ஒரு மில்லியன் என்று சொல்லி அன்றைய பாடத்தை அதை வைத்தே முடித்தேன். அந்தக் காணொளியில் தவறே இல்லை. அது என் பிள்ளைகளுக்காகச் செய்ததில்லை, அவ்வளவுதான். யாராவது அதன் மேல் ‘எண் முறை: இலட்சம், கோடி, பணம்: ரூபாய்’ என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தால் நான் முன்கூட்டியே பார்த்திருப்பேன். பெயர் என்று நான் கேட்பது இந்த மாதிரி ஒரு வரியையும் சேர்த்துத்தான்.

இரண்டாவது, எழுத்து. எங்கள் பள்ளியில் முன்பு பணியாற்றி ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், இருபது ஆண்டு உழைப்பை ஒரு பென்டிரைவில் போட்டு என் கையில் கொடுத்தார். மரபுத்தொடர், இணைமொழி, இரட்டைக்கிளவி என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்புறை. ஆசையோடு திறந்தால் பாதிக் கோப்புகளில் தமிழே இல்லை; கோழி கிண்டினது மாதிரி குறிகள். பழைய எழுத்துருவில் தட்டியவை. அந்த எழுத்துரு என் மடிக்கணினியில் இல்லை. எந்தத் தேடுபொறியும் அவற்றுக்குள் ‘இணைமொழி’ என்ற சொல்லைக் காணப்போவதில்லை. கணினித் தமிழில் நாம் பின்தங்கிய நாடுமில்லை. கணினியில் தமிழ் தட்ட முரசு அஞ்சலையும், 2005-இல் கைப்பேசிக்குச் செல்லினத்தையும் தந்த முத்து நெடுமாறன் நம் நாட்டவர். 2001-இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில்தான் நடந்தது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு ஆசிரியையின் வாழ்நாள் உழைப்பு குறிகளாகக் கிடக்கிறது.

கணினி படித்த தம்பி தங்கைகளே, நன்கொடையாக இன்னொரு மடிக்கணினி வாங்கித் தருவதற்கு முன் இதைக் கவனியுங்கள். பழைய எழுத்துருவை, எந்தக் கணினியிலும் தெரியும் ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றும் கருவிகள் இருக்கின்றன. உங்கள் ஆரம்பப்பள்ளிக்கு ஒரு சனிக்கிழமை வாருங்கள். பழைய கணினிகளிலும் ஆசிரியர்களின் பென்டிரைவுகளிலும் இருப்பதை எடுத்து மாற்றிக் கொடுங்கள். நாசி லெமாக் நான் வாங்கித் தருகிறேன்.

மாற்ற முடியாமல் போனவையும் உண்டு. கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் என்று 2003-இல் தொடங்கியபோது பள்ளிகளுக்கு வந்த குறுவட்டுகள் எங்கள் அலமாரியில் இன்னும் அடுக்கியபடி இருக்கின்றன. குறுவட்டு போடும் துளை உள்ள கணினி ஒன்றுகூட இல்லை. பிறகு பல ஆசிரியர்கள் ஃபிளாஷ் மென்பொருளில் அழகழகான விளையாட்டுகள் செய்தார்கள். 2020 டிசம்பர் 31-ஓடு ஃபிளாஷின் ஆயுள் முடிந்தது, அவையும் அதோடு போயின. அதனால்தான் சொல்கிறேன், எதைச் செய்தாலும் சாதாரணக் கோப்பாக ஒரு பிரதி இருக்கட்டும்.

எங்கள் பள்ளியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மொத்தம் நாற்பத்தொரு பிள்ளைகள். நான்காம் ஆண்டில் ஏழு பேர். ஒரு காலத்தில் கித்தா (ரப்பர்) தோட்டம், இப்போது செம்பனை. குடும்பங்கள் லயத்து வீடுகளைவிட்டுப் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டன, பள்ளி மட்டும் அங்கேயே நிற்கிறது. அலுவலகத்துக்குப் பக்கத்தில் இணைய லைன் நன்றாக வரும். என் வகுப்பு கடைசிக் கட்டடம். சன்னலோரம் நின்றால் இரண்டு கோடு. படம் காட்டும் எல்.சி.டி. ஒளிவீச்சி ஒன்றுதான், அதற்கு முறை வைத்திருக்கிறோம். ஆகவே ஒரு வளத்தை எடுக்கும்போது நான் கேட்கும் முதல் கேள்வி, இது லைன் இல்லாமல் ஓடுமா? அடுத்தது, கறுப்பு வெள்ளையில் அச்சடித்தால் தெரியுமா? வண்ண மை யார் காசு? ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கருவி இருந்தால்தான் நடக்கும் புதிர்ப் போட்டிகளை நான் அதிகம் தொடுவதில்லை. இரண்டு தட்டைக் கணினியை வைத்துக் குழுவாக ஆடவைக்கலாம், அவ்வளவே. நடுவில் விளம்பரம் குதிக்கும் காணொளியை முதல் நாளே முழுக்க ஓட்டிப் பார்த்துவிடுவேன். ஒரு முறை நன்னெறிப் பாடத்தின் நடுவில் சூதாட்ட விளம்பரம் வந்து நின்றது.

இந்தச் சோதனைகளில் தேறுவதும் இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு ஆசைப்படுகிறேன். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் தொடங்கிய ஃபெட் தளத்தைப் பாருங்கள். மின்சுற்று, காந்தம், பின்னம் என்று திரையில் இழுத்து விளையாடிக் கற்கும் பாவனைகள். பலவற்றுக்குத் தமிழாக்கமும் உண்டு. பலவற்றைத் தரவிறக்கிப் பென்டிரைவில் கொண்டுபோனால் லைனே தேவையில்லை. வீட்டில் இறக்கி, வகுப்பில் மின்கலத்தையும் மின்குமிழையும் இணைத்துக் காட்டியபோது ஏழு பேரும் நாற்காலியைவிட்டு எழுந்து வந்துவிட்டார்கள். வாசிப்புக்கு, பெங்களூரின் பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர். தமிழ்க் கதைகள் ஏராளம். நான் அங்கே வியப்பது கதைகளைவிட அவற்றை அடுக்கியிருக்கும் விதத்தை. ஒவ்வொன்றிலும் மொழி, வாசிப்பு நிலை, எழுதியவர், வரைந்தவர், மொழிபெயர்த்தவர் பெயர் எல்லாம் இருக்கும். யாரும் எடுத்து அச்சிடலாம், மாற்றலாம், பெயரைச் சொன்னால் போதும் என்ற படைப்பாக்கப் பொதும உரிமமும் கூடவே இருக்கும். முதல் நிலைக் கதை வேண்டும் என்றால் முதல் நிலைக் கதைதான் வருகிறது. செய்யுளைச் சரிபார்க்க, தமிழ் இலக்கியங்களை இணையத்தில் ஏற்றி 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டம் இருக்கிறது. கொன்றை வேந்தனில் ஒரு எழுத்து சந்தேகம் என்றால் அங்கேதான் போகிறேன்.

சரிபார்க்கும் வேலை இப்போது கூடிவிட்டது. செயற்கை நுண்ணறிவில் ஒரு நிமிடத்தில் பயிற்றி செய்து குழுவில் போடுகிறார்கள். படத்தில் இருக்கும் தமிழ் எழுத்துக்குக் கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும், அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அண்மையில் வந்த ஒரு பயிற்றியில் ‘திருக்குறள்’ என்று ஒன்று இருந்தது. அச்சடித்துக் கொடுத்துவிட்டேன், என் தவறுதான். ஐந்தாம் ஆண்டில் ஒரு பிள்ளை விரல்விட்டு எண்ணிவிட்டு, ‘டீச்சர், முதல் அடியில அஞ்சு சீர் இருக்கு’ என்றாள். முதலடி நான்கு, இரண்டாமடி மூன்று என்று நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். தேடிப் பார்த்தால் 1330-இல் அப்படி ஒரு குறளே இல்லை. வள்ளுவர் எழுதாததை அவர் தலையில் கட்டியிருக்கிறோம். அதே பயிற்றி மேலும் எத்தனை பள்ளிகளுக்குப் போனதோ? செய்தவர் பெயர் அதில் இல்லை, யாரிடம் போய்ச் சொல்வது?

இனி, நான் கேட்பதைக் கேட்டுவிடுகிறேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியர் எல்லாரும் ஒவ்வொரு நாளும் நாள் பாடத்திட்டத்தில் ஓர் எண் எழுதுகிறோம், கற்றல் தரத்தின் எண்; பிள்ளை கற்க வேண்டிய ஒவ்வொரு திறனுக்கும் கலைத்திட்டம் கொடுத்த எண். பெர்லிசிலும் ஜோகூரிலும் அது ஒரே எண்தான். நூலகத்தில் புத்தக முதுகில் ஒட்டும் எண்ணைப் போல, தேடுவதற்கென்றே யாரோ செய்து கையில் கொடுத்த மாதிரி இருக்கிறது. அதை நாம் மேலதிகாரி பார்ப்பதற்கு மட்டும் எழுதுகிறோம், கோப்பின் மேல் எழுதுவதில்லை. எழுதுங்கள். ‘ஆண்டு 4, கணிதம், பின்னம், கூட்டல், பயிற்றி’ என்று தமிழில் பெயர், பின்னால் கற்றல் தர எண், செய்த ஆண்டு, உங்கள் பெயர். புலனத்தில் அனுப்பும்போது கோப்போடு அந்தச் சொற்களைச் செய்தியிலும் தட்டிவிடுங்கள், பத்து வினாடி. எண்ணை மட்டும் நம்பி விடாதீர்கள். 2027-இல் ஒன்றாம் ஆண்டிலிருந்து புதிய கலைத்திட்டம் வருகிறது, எண்கள் மாறும். பின்னம் பின்னமாகத்தான் இருக்கும். இப்போதே சொல்லாலும் பெயர் வைத்தால் இன்று செய்தது அன்றைக்கும் கிடைக்கும். இல்லாவிட்டால் 2020-இல் செய்ததற்கு நேர்ந்ததுதான் மறுபடியும்.

படமாக மட்டும் அனுப்பாதீர்கள், திருத்தக்கூடிய கோப்பையும் சேர்த்து வையுங்கள். உங்கள் பயிற்றியில் ‘கோலாலம்பூர் மெட்ரோவில் ஏறினான்’ என்று இருந்தால் நான் அதை ‘தோட்டத்து டிராக்டரில் ஏறினான்’ என்று மாற்றிக்கொள்வேன். ‘மாற்றிப் பயன்படுத்தலாம், பெயரைச் சொல்லுங்கள்’ என்று அடியில் எழுதிவிட்டால் எனக்குக் குற்ற உணர்வும் இல்லை. இணைப்பு அனுப்புகிறவர்கள், உங்கள் கணக்கிலிருந்து வெளியேறி ஒரு முறை தொட்டுப் பாருங்கள், திறக்கிறதா என்று. தனிக் கணக்கில் மட்டும் வைத்திருந்தால் அந்தக் கணக்கு மூடும் நாளில் எல்லாம் மூடிக்கொள்ளும். இன்னொருவரிடமும் ஒரு பிரதி இருக்கட்டும்.

சிலர் தயங்குவதன் காரணம் எனக்குத் தெரியும். ‘நான் ராத்திரி முழுக்க உட்கார்ந்து செய்வேன், இன்னொருத்தர் பெயரை அழித்துவிட்டுப் போட்டியில் பரிசு வாங்குவார்.’ நடந்திருக்கிறது, எனக்கே நடந்திருக்கிறது. வயிறு எரிந்தது. ஆனாலும் எங்கள் ஊரில் பிறந்த முன்னாள் அமைச்சர் துன் சம்பந்தன் ஞாபகத்துக்கு வருகிறார். தோட்டங்களைத் துண்டாடி விற்ற காலத்தில், 1960-இல், தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளிகளின் சிறு சேமிப்பைச் சேர்த்துத் தோட்டம் வாங்கினார்கள். என் தாத்தா வைத்திருந்த பங்குச் சான்றிதழ் இன்றும் வீட்டில் தகரப் பெட்டியில் இருக்கிறது. அதில் அவர் பெயர் எழுதியிருக்கிறது. பெயர் எழுதிப் பொதுவில் போட்டதால்தான் யார் போட்டது என்று தெரிந்தது. பெயரில்லாமல் போடுவதால்தான் நம் பயிற்றிகளை எவரும் தம்முடையது என்கிறார்.

நான் வாயால் மட்டும் சொல்லவில்லை. இந்தப் பள்ளி விடுமுறையில் என்னிடமுள்ள நான்காம் ஆண்டுக் கணிதக் கோப்புகளுக்குப் பெயர் மாற்றத் தொடங்கினேன். 212 கோப்புகளில் 140 முடிந்திருக்கிறது. மாற்றும்போதுதான் தெரிந்தது, ஒரே பயிற்றி ஆறு பிரதிகளாக ஆறு பெயரில் இருந்தது. நான் அன்று காலை தேடிய பின்னப் பயிற்றியும் கிடைத்தது. ‘புதிய ஆவணம் 3’. 2021-இல் நானே செய்தது.

மீதி 72 அடுத்த மாதத்துக்குள் முடியும். அந்தக் கால ஆசிரியையின் இணைமொழிகளை ஒருங்குறிக்கு மாற்ற யாராவது ஒரு சனிக்கிழமை வருவதாக இருந்தால் சொல்லுங்கள். பள்ளி வாசலில் மோட்டார் நிறுத்த இடம் இருக்கிறது, லைன் மட்டும் சன்னலோரம்.

அன்புடன்,
நான்காம் ஆண்டு வகுப்பாசிரியை,
சுங்கை சிப்புட், பேராக்